தொடர்மாடி டிஷ்ஷில் படம் வரவில்லையா? மேலே ஏற முதல் இதைப் பாருங்கள்

எங்கள் தொடர்மாடி யாழ்ப்பாணம் கொழும்புத்துறைப் பக்கம், கடலேரிக் காற்று நேரே வந்து முட்டுகிற இடம். நாலு மாடி, பன்னிரண்டு வீடு, மேல்தட்டில் ஒரே ஒரு டிஷ். மாதாமாதம் காசு கட்டுகிற பெட்டிகள் சில வீடுகளில் தனியாக இருக்கின்றன, அது அவரவர் பாடு. பொது டிஷ் வைத்தது காசு கட்டாத சனல்களுக்காக, அதாவது 93.5 பாகை கிழக்கில் நிற்கிற ஜிசாட்-15 செய்மதியில் இருந்து வரும் இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ். பக்கத்தில் ஒரு சாதாரண அன்ரனாவும் நிற்கிறது, வசந்தம், நேத்ரா, சக்தி மாதிரி உள்ளூர் சனலுக்கு. இரண்டும் ஒரே கேபிளில் இறங்கி வீட்டுக்கு வரும். எனக்கு இது தொழில் இல்லை. வீட்டில் ஏணி வைத்திருந்த குற்றத்துக்கு இந்த வேலை என் தலையில் விழுந்தது.

"தம்பி, ரீவி வேலை செய்யேல்லை, ஒருக்கா வந்து பாரன்" என்று யாராவது கதவைத் தட்டினால் நான் ஏணியை எடுப்பதில்லை. "உங்களுக்கு மட்டுமோ, எல்லாருக்குமோ?" என்று கேட்பேன். பாதிப் பிழை அந்தக் கேள்வியிலேயே பிடிபடும். ஒரு வீட்டில் மட்டும் படம் இல்லை என்றால் டிஷ்ஷில் பிழை இல்லை, டிஷ்ஷைத் தொடவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆனாலும் ஒருவர் தன் வீட்டுப் படத்துக்காக மேலே போய் டிஷ்ஷை ஆட்டிவிட, மற்றப் பதினொரு வீட்டுக்கும் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நினைவில் இருக்கிறது.

கோர்வை எப்படி என்று தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும். டிஷ்ஷின் முன்னால் இருக்கிற எல்.என்.பி செய்மதி அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான அலையாக இறக்கித் தரும். அதில் இருந்து நாலு கேபிள் மல்ரி சுவிட்ச் என்கிற பெட்டிக்குப் போகும், அன்ரனாக் கேபிளும் அதிலேயே நுழையும், அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கேபிள் கீழே இறங்கும். செய்மதி அலை இரண்டு வாக்கில் வரும், நெட்டாக அசைவது செங்குத்துத் துருவம், படுக்கையாக அசைவது கிடைத்துருவம். உங்கள் ரிசீவர் பெட்டி 13 வோல்ற் அனுப்பினால் செங்குத்துத் துருவம் வேண்டும், 18 வோல்ற் அனுப்பினால் கிடைத்துருவம் வேண்டும் என்று அர்த்தம். மல்ரி சுவிட்ச் அதைப் பார்த்து, கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுக்கும்.

எல்லா வீட்டிலும் ஒரேயடியாகப் போய்விட்டது

முதலில் மல்ரி சுவிட்சுக்குக் கறண்ட் வருகிறதா என்று பாருங்கள். அது பொது மீற்றரில், படிக்கட்டு லைற்றோடு ஒரே லைனில்தான் அநேகமாக இருக்கும். மழைத் தண்ணீர் பட்டு லைற் ஒன்று ட்ரிப் ஆனால் படிக்கட்டும் இருட்டு, ரீவியும் இருட்டு. பகலில் படிக்கட்டு இருட்டு யாருக்கும் தெரியாததால் எல்லாரும் டிஷ்ஷைப் பழி சொல்வார்கள். பெட்டியில் சின்ன லைற் எரிந்தால் கறண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் பிரேக்கர், பிறகு அடப்ரர், இந்த ஒழுங்கில் பாருங்கள். இடி மின்னலுக்குப் பிறகு போனதென்றால் அடப்ரரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளூர் சனல் மட்டும் மங்கலாக வந்து, டிஷ் சனல் ஒன்றுமே இல்லை என்றாலும் அதே சந்தேகம்தான், ஏனென்றால் சில மல்ரி சுவிட்சுகள் கறண்ட் இல்லாமலும் அன்ரனா அலையைக் கொஞ்சம் கசிய விடும்.

கறண்ட் இருக்கிறது, லைற் எரிகிறது, ஆனாலும் ஒருவருக்கும் படம் இல்லை. அப்போதுதான் டிஷ். சோளகக் காற்று மாதக்கணக்காக ஆட்டினால் எவ்வளவு இறுக்கிய நட்டும் இளகும். ஒரு பாகை விலகினாலே படம் உடையத் தொடங்கும், இரண்டு பாகை விலகினால் ஒன்றுமே இல்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு: ரிசீவரில் குவாலிற்றி நன்றாகக் காட்டும், தேடினால் சனல்களும் அகப்படும், ஆனால் எல்லாமே பூட்டு. அப்படி என்றால் டிஷ் பக்கத்துச் செய்மதிக்குப் போய்விட்டது. 95 பாகையில் காசு கட்டுகிற சேவைக்குரிய எஸ்ஈஎஸ்-8 நிற்கிறது, இடைவெளி வெறும் ஒன்றரைப் பாகை. அதைப் பிடித்துக்கொண்டு "சிக்னல் இருக்குத்தானே" என்று மணிக்கணக்காக செற்றிங் மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பப் பிடிக்க வேண்டும் என்றால் யூரியூப்பைப் பார்த்துச் செய்யாதீர்கள், அல்லது யார் எங்கே இருந்து எடுத்தது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். டெல்லியில் இருந்து பார்த்தால் ஜிசாட்-15 அடிவானத்தில் இருந்து 52 பாகை உயரத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் அது 70 பாகைக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட உச்சி வானம். திசை, வடக்கில் இருந்து வலமாக அளந்தால் 125 பாகை, தென்கிழக்கில் இருந்து கொஞ்சம் கிழக்குப் பக்கம். எங்கள் ஊர் டிஷ் எல்லாம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து படுத்திருப்பது அதனால்தான். எல்.என்.பியை முறுக்குகிற அளவும் அப்படியே: கணக்குப்படி டெல்லிக்கு 27 பாகை போதும், எங்களுக்கு 54 பாகை அளவில் வரும். வீடியோவில் காட்டியபடி கொஞ்சமாக முறுக்கிவிட்டு "பாதிச் சனல்தான் வருது" என்று அழுவதற்குக் காரணம் இதுதான். கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே, கடைசியில் ஒரு ஆள் மேலே மெல்ல முறுக்க, ஒரு ஆள் கீழே குவாலிற்றிக் கோட்டைப் பார்த்துப் போனில் சொல்ல, ஆகக் கூடுகிற இடத்தில் இறுக்குங்கள். போனில் உள்ள திசைகாட்டியை மேல்தட்டு இரும்புக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனால் அது பொய் சொல்லும், நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

டிஷ் சரியாக நிற்கிற நாளில் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் குறுக்காக ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் மகளின் நகப்பூச்சால் போட்டேன், சிவப்பு. மூன்று மாரி கண்டும் அழியவில்லை. அடுத்த முறை ஆடினால் கோட்டோடு கோட்டைப் பொருத்தினால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இவ்வளவு உயரத்தைப் பார்க்கிற டிஷ்ஷுக்குத் தூரத்துப் பனையோ தென்னையோ மறைப்பில்லை. கிட்ட உள்ளதுதான் மறைக்கும்: தண்ணீர்த் தாங்கி, புதிதாக அடித்த தகரக் கொட்டில், வளர்ந்து வந்த முருங்கை. மறைக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, ஆனால் வருஷத்தில் இரண்டு தரம்தான் கிடைக்கும். மார்ச் 16ஐ ஒட்டிய நாட்களில் காலை 11.15 மணியளவிலும், செப்டெம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில் 11 மணிக்குச் சற்று முன்பும் சூரியன் அந்தச் செய்மதிக்கு நேர் பின்னால் நிற்கும். அந்த நேரம் மேலே போய்ப் பாருங்கள். டிஷ் மேல் எதன் நிழல் விழுகிறதோ அதுதான் மறைக்கிறது. எங்களுக்கு விழுந்தது தண்ணீர்த் தாங்கியின் நிழல், டிஷ்ஷின் கால்வாசியில்.

என் வீட்டில் மட்டும் வரவில்லை

ரிசீவரைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் கேபிளில் பூட்டுங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் கேபிள், செய்யாவிட்டால் உங்கள் பெட்டி. இந்த ஐந்து நிமிஷச் சோதனையைச் செய்யாமல் புதுப் பெட்டி வாங்கியவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பேர்.

கேபிள்தான் என்றால் ரிசீவரில் இரண்டு கோடு காட்டும் பக்கத்துக்குப் போங்கள். ஸ்ட்ரெந்த், குவாலிற்றி. ஸ்ட்ரெந்தே இல்லை என்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒன்றோடொன்று முட்டுகிறது, சில பெட்டி "எல்.என்.பி ஷோர்ட்" என்று எழுதியும் காட்டும். ஸ்ட்ரெந்த் நிறைய இருந்து குவாலிற்றி பூச்சியம் என்றால் வயர் முழுதாக இருக்கிறது, செற்றிங் பிழை. எல்.என்.பி வகை யுனிவர்சல், 9750/10600 என்று இருக்க வேண்டும். டைசெக், அதாவது பல டிஷ்களுக்கு நடுவில் மாற்றுகிற செற்றிங், அதை நிறுத்தி வையுங்கள். ஃப்ரீ டிஷ் அலைகள் எல்லாம் 11700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்பதால் மேல் அலைகளைக் கேட்க அனுப்புகிற 22 கிலோஹெர்ட்ஸ் என்பதும் நிறுத்தத்தில் அல்லது தானியங்கியில் இருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடினால் மாறுவது இந்த மூன்றில் ஒன்றுதான்.

இனிக் கனெக்ரர். வீட்டுக்குள் வருகிற பிழையில் பெரும்பங்கு கேபிளின் கடைசி அரை அங்குலத்தில் இருக்கிறது. எப் கனெக்ரரைத் திருகிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நடுவில் உள்ள கம்பி மினுங்க வேண்டும், விளிம்பில் இருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே நீட்டி நிற்க வேண்டும். சுற்றியுள்ள வலைக்கம்பியில் ஒரு மயிரிழை கூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. போன மாரியில் இரண்டாம் மாடியில் நான் கழற்றிய கனெக்ரருக்குள் பச்சைத் தூள் இருந்தது, விரலில் ஒட்டியது, நடுக்கம்பியைத் தொட்டதும் முறிந்து விழுந்தது. சரி, ஒரு சாண் வெட்டிப் புதிதாகப் போடுவோம் என்று வெட்டினால் கேபிளின் வாயில் இருந்து தண்ணீர் சொட்டியது. நாலாம் மாடிக்கு மேலே திறந்திருந்த ஒரு மூட்டில் நுழைந்த மழை, வெளித்தோலுக்குள்ளே வலைக்கம்பி வழியே இறங்கி அந்த வீட்டு ரீவிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது. அந்தக் கேபிளை உலர்த்தியெல்லாம் திருத்த முடியாது, முழுதாக மாற்றினோம்.

ஆகவே வெளியில் உள்ள ஒவ்வொரு மூட்டுக்கும் ரப்பர் உறை போடுங்கள், கேபிள் கனெக்ரருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் சாதாரண கறுப்பு ரேப் ஒரு வருஷத்துக்குமேல் தாங்காது, பசை உருகி ஒழுகும்.

இன்னொன்று, இது கொஞ்சம் வெட்கமான பிழை, நானே விட்டிருக்கிறேன். சுவரில் உள்ள பிளேற்றில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று உள்ளூர் அன்ரனாவுக்கு, ஒன்று டிஷ்ஷுக்கு. திருகு மரை உள்ளதுதான் டிஷ்ஷுக்கு. வீடு பூச்சடிக்க எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மாறிப் பூட்டினால் இரண்டும் வராது. இப்போதைய ரீவி சிலவற்றில் செய்மதி ரிசீவர் உள்ளேயே இருக்கிறது, பின்னால் மரை உள்ள வாய் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தனிப் பெட்டியே தேவையில்லை.

பாதிச் சனல் வருது, பாதி வரவில்லை

எந்தப் பாதி என்று கவனியுங்கள். ஒரே துருவத்துச் சனல்கள் எல்லாம் போயிருந்தால், அது எல்லா வீட்டிலும் நடந்தால், எல்.என்.பியில் இருந்து மல்ரி சுவிட்சுக்கு வருகிற நாலு கேபிளில் ஒன்று கழன்றிருக்கிறது, அல்லது யாரோ இரண்டை மாறிப் பூட்டிவிட்டார். ஒரு வீட்டில் மட்டும் என்றால், பெட்டியால் 18 வோல்ற்றைக் கடைசிவரை கொண்டுசேர்க்க முடியவில்லை. நீளமான, மெல்லிய கேபிளில் இது நடக்கும், கீழ்த்தட்டு வீடுகளில்தான் அதிகம்.

மலிவு என்று ஆர்.ஜி-59 என்கிற மெல்லிய கேபிளை இழுத்திருந்தால் வேறு விதமாகவும் அடிவாங்கும். நல்ல ஆர்.ஜி-6 கேபிளே உயர்ந்த அலைவரிசையில் 100 மீற்றருக்குச் சுமார் 30 டெசிபல் தின்னும், கீழ் அலைவரிசையில் அது 20தான். ஆகவே கேபிள் நீள நீள, முதலில் போவது மேல் அலைவரிசைச் சனல்கள். 11090இல் உள்ள சனல் கேபிளுக்குள் 1340 ஆக இறங்கி வரும் (எல்.என்.பி குறைக்கிற 9750ஐக் கழித்துப் பாருங்கள்), அது தப்பிவிடும், அதற்கு மேலே உள்ளவை கட்டம் கட்டமாக உடையும்.

கைபேசிக் கோபுரம் கிட்ட இருந்தால் ஒரு கூத்து நடக்கும். 1800 அலைவரிசைக் கோபுரம் 1805 முதல் 1880 வரை அனுப்பும். 11555 முதல் 11630 வரை உள்ள செய்மதிச் சனல்கள் கேபிளுக்குள் வருவதும் சரியாக அதே இடத்தில்தான். வலைக்கம்பி ஐதான கேபிளும், கேபிளில் சும்மா திருகி ஏற்றிய கனெக்ரரும் அந்த அலையை உள்ளே விடும். பக்கத்து வீட்டில் தெளிவாக வருகிற அதே சனல் உங்கள் வீட்டில் மட்டும் நாள் முழுக்க உடைந்துகொண்டிருந்தால் அழுத்திப் பூட்டுகிற கனெக்ரர் போட்டுப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு ரீவி போட்டால் எங்கள் படம் போகுது

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது மல்ரி சுவிட்ச் இல்லை, யாரோ ஸ்பிளிற்றரை, அதாவது ஒரு கேபிளைச் சும்மா கிளை பிரிக்கிற துண்டை, போட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் முதலில் கட்டித் தந்தவர் அப்படித்தான் செய்துவிட்டுப் போனார். ஸ்பிளிற்றரில் இரண்டு பெட்டி ஒரு எல்.என்.பியைப் பங்குபோடும்போது கூடின வோல்ற் வெல்லும். ஒரு வீடு 18இல் இருந்தால் 13 கேட்கிற வீட்டுக்குப் படம் இல்லை. சண்டை இரண்டு வீட்டுக்காரருக்கும் நடுவில் வரும், குற்றவாளி மேலே சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருப்பான்.

இதைவிட மோசம், சில ஸ்பிளிற்றரில் ஒரு வாய்தான் கறண்டை மேலே விடும். எங்கள் வரிசையில் அந்த வாய் கீழ்வீட்டு அன்ரியுடையது. அன்ரி மகள் வீட்டுக்குக் கொழும்பு போகும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுப் போவா, நல்ல பழக்கம். அவ பஸ் ஏறினதும் மூன்று வீட்டுக்குப் படம் போகும், திரும்பி வந்ததும் வரும். "அன்ரி வந்திட்டா போல, படம் வருது" என்று மேலே இருந்தபடியே சொல்வோம். காரணம் பிடிபட எங்களுக்கு அரை வருஷம் எடுத்தது.

இதற்கு வேறு வைத்தியம் இல்லை, சரியான எல்.என்.பியும் மல்ரி சுவிட்சும் வாங்கிப் போடுங்கள். பன்னிரண்டு வீடு பிரித்துக் கட்டினால் பெரிய காசில்லை.

மழைக்குப் போகிறது

ஐப்பசி, கார்த்திகையில் பேய்மழை கொட்டும்போது பத்து நிமிஷம் போவது இயற்கை, இந்த அலைவரிசையை மழை உறிஞ்சும். தூறலுக்கே போனால் அது மழையின் குற்றமில்லை, டிஷ் ஏற்கனவே விளிம்பில் நிற்கிறது. வெயில் நாளில் குவாலிற்றி எவ்வளவு என்று எழுதி வையுங்கள், மாதங்கள் போகக் குறைந்துகொண்டு வந்தால் மாரிக்கு முன்னமே இறுக்குங்கள். மழை விட்டு மணிக்கணக்காகியும் வராமல், அடுத்த நாள் வெயிலில் தானாக வந்தால் எங்கோ மூட்டில் தண்ணீர். மேலே சொன்ன பச்சைத் தூளை நினையுங்கள்.

மழையே இல்லாமல், மார்ச் நடுவில் அல்லது செப்டெம்பர் கடைசியில், மூன்று நாலு நாள் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிஷம் மட்டும் போய் வருகிறதா? அது நிழல் சோதனையில் சொன்ன அதே சூரியன், செய்மதிக்குப் பின்னால் நின்று டிஷ்ஷுக்குள் இரைச்சலைக் கொட்டுகிறது. ஒன்றும் செய்யாதீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

நேற்று இருந்த சனல் இன்று இல்லை

மற்றதெல்லாம் வருகிறது, ஒன்று மட்டும் இல்லை என்றால் பிழை உங்கள் பக்கம் இல்லை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சனல்கள் ஏலத்தில் இடம் எடுத்துத்தான் வருகின்றன, ஏலக் காலம் ஏப்ரல் 1இல் மாறும். 2022 ஏப்ரலில் பெரிய ஹிந்திச் சனல்கள் பல ஒன்றாக வெளியேறியதும் அப்படித்தான். ஒருக்கா முழுதாகத் தேடவிட்டுப் பாருங்கள், இடம் மாறியிருந்தால் அகப்படும். பொதிகையைத் தேடி இன்னும் கேட்கிறார்கள், அது 2024 ஜனவரியில் இருந்து டிடி தமிழ் என்ற பெயரில் இருக்கிறது.

சனல் பெயர் இருக்கிறது, சத்தம் கேட்கிறது, படம் கறுப்பு என்றால் பெட்டி பழசு. எம்பெக்-2 என்கிற பழைய படச் சுருக்க முறை மட்டும் தெரிந்த பெட்டிக்குப் புதிய எம்பெக்-4 சனல் விளங்காது. பூட்டு அல்லது டொலர் அடையாளம் விழுந்தால் அது காசுச் சனல், எவ்வளவு முறுக்கினாலும் திறக்காது.

கேபிளைத் தொட்டால் கறண்ட் அடிக்கிறது

கூச்சம் மாதிரி லேசாகச் சுரீர் என்றால் பெரும்பாலும் ரீவியின் அல்லது பெட்டியின் பவர் பகுதியில் இருந்து கசிவது, எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் சாதாரணம். ஆனால் தொடர்மாடியில் பன்னிரண்டு வீட்டுக் கேபிளின் வலைக்கம்பியும் மேலே ஒரே பெட்டியில் சந்திக்கின்றன. எங்கோ ஒரு வீட்டில் உண்மையான கோளாறு இருந்தால் அந்த 230 வோல்ற் உங்கள் வீட்டுக் கேபிளின் முனையிலும் நிற்கலாம். எது லேசு, எது ஆபத்து என்று விரலால் அளக்கப் போகாதீர்கள். முதலில் பொது லைனை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுப் பெட்டியின் பிளக்கையும் சுவரில் இருந்து கழற்றச் சொல்லிவிட்டு, எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். டிஷ் கம்பமும் மல்ரி சுவிட்சும் எர்த் செய்யப்பட்டிருக்கிறதா என்று அன்றே அவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த எலெக்ட்ரீசியன் கம்பத்தடியில் குந்தியிருந்து வயரைத் தேடினார். மண்ணுக்குள் போவதாகத் தெரிந்த பச்சை வயர், பூச்சாடிக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்தோடு வெட்டுப்பட்டுக் கிடந்தது.